மான் வாய்க்கு எட்டாத உயரம்: அடிவாரக் காடு மீளுமா?

2024 ஜூன் 8 (மேலூர் வாசகர் ஒருவரின் கேள்வி)

அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் சென்ற ஐப்பசியில் நட்ட வேம்பு, நாவல், ஆத்திக் கன்றுகளில் பாதிக்கு மேல் இந்தக் கோடையில் மொட்டையாகிவிட்டன. விடியற்காலையில் புள்ளிமான் கூட்டம் அங்கே நிற்பதை நாங்களே பார்த்தோம். மான் இருக்கும் வரை இந்தக் காடு மீளாது என்பது என் கருத்து. மான்களைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் விட்டுவிட்டால் என்ன?

2024 ஜூன் 9

தம்பி, மான் கூட்டம் நின்றதும் உண்மையாக இருக்கலாம், கன்றுகள் மொட்டையானதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது நின்றதால்தான் இவை மொட்டையாயின என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், கடிபட்ட கன்று ஒன்றின் அருகே குத்தவைத்து உட்கார்ந்து, தண்டின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் தளிரைப் பிடித்து இழுத்து அறுக்கும். ஆகவே அறுபட்ட இடம் நாரும் பிசிறுமாக இருக்கும். முயலோ எலியோ கடித்திருந்தால் கத்தியால் சாய்வாகச் சீவியது போன்ற சுத்தமான வெட்டு தெரியும். கன்றின் தண்டு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பழியை மான் மேல் போட முடியாது.

பிடித்துக் கொண்டுபோய் விடுவது பற்றி ஒரு வரி. புள்ளிமான் மிகவும் மிரளும் பிராணி. விரட்டிப் பிடிக்கும்போது அச்சத்திலும் ஓட்டத்திலும் தசைகள் சிதைந்து, பிடிபட்ட சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ இறந்துபோவது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எனவே அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுவோம்.

2024 ஜூன் 11

நத்தத்திலிருந்து எழுதும் ஐயா சரியான இடத்தில் மடக்கியிருக்கிறார்: வெள்ளாட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது, அதுவும் இழுத்துத்தான் அறுக்கும், பிசிறு இருப்பதால் மான் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது என்பதுதான் பதில். தண்டு முயலை விடுவிக்கும். ஆட்டுக்கும் மானுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லாது. அதற்குத் தரையைப் பார்க்க வேண்டும். ஆட்டுக் குளம்பின் நுனி மழுங்கலாக, இரண்டு பிளவும் சற்று விரிந்து பதியும். மான் குளம்பு ஒடுக்கமாக, நுனி கூராகப் பதியும். முதல் நாள் மாலையில் கன்றைச் சுற்றி மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, மெல்லிய மணலைத் தூவி வைத்தால் மறுநாள் காலையில் வந்தது யார் என்பது தெரிந்துவிடும். பகலில் வருவது ஆடு, இரவில் வருவது மான் என்ற பாகுபாட்டை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் பக்கத்தில் அந்தியில் வழிதவறிய ஆடுகள் இரவெல்லாம் கரட்டில் திரிவது உண்டு.

2024 ஜூன் 16

மான் காட்டை அழித்தே தீரும் என்று அந்தமானைச் சான்றாகக் காட்டி ஒருவர் நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். அந்தச் சான்று வலுவானது. அதைத் தள்ளிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்காக ஆங்கிலேயர் அந்தமானுக்குப் புள்ளிமானைக் கொண்டுபோனார்கள். அங்கே புலியில்லை, சிறுத்தையில்லை, செந்நாயில்லை. மான் பெருகிய தீவுகளில் தரையோரச் செடிகளும் மரக்கன்றுகளும் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். கனடாவின் மேற்குக் கரையில் உள்ள ஹைடா குவாய் தீவுகளின் கதையும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே விடப்பட்ட கருவால் மான்கள் தீவு தீவாக நீந்திப் பரவின. மான் எட்டாத சில சிறு தீவுகளில் புதர் அடர்ந்து நிற்கிறது; மான் நீண்ட காலம் இருந்த தீவுகளில் பெரிய மரங்களின் கீழே பாசி மட்டுமே விரிந்து கிடக்கிறது. புதரில் கூடு கட்டும் பாடும் பறவைகளும் அங்கே குறைந்துவிட்டன.

ஆனால் இந்த இரண்டும் தீவுகள். அங்கே வளர்ந்த செடிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட மான் வாய்க்குப் பழகியவை அல்ல. நம் அடிவாரத்துச் செடிகளின் கதை வேறு. காரை, சூரை, இலந்தை, விடத்தலை, வெள்வேல் என்று எதை எடுத்தாலும் முள். விராலியின் இலை பிசுபிசுப்பு, ஆவாரையை ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போகும், கள்ளியும் எருக்கும் பால். மேய்ச்சலோடு காலங்காலமாக மல்லுக்கட்டி வந்த காடு இது. ஆகையால் அந்தமானில் மான் செய்ததை அழகர்மலையிலும் மான் செய்யும் என்று அப்படியே பொருத்துவது சரியாக வராது. மான் எதையும் செய்யாது என்று நான் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முள்ளில்லாத, பாலில்லாத, இனிப்பான தழை கொண்ட மரங்கள் குறைந்து, முள்ளும் கசப்பும் மிஞ்சிய காடாக இது மாறியிருப்பதில் மானுக்கும் ஆட்டுக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி.

2024 ஜூன் 17

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பற்றிக் கேட்டவருக்கு: 1995, 1996 ஆண்டுகளில் ஓநாய்களை மீண்டும் விட்டார்கள், எல்க் மான்கள் குறைந்தன, சில இடங்களில் ஆஸ்பென் மரமும் வில்லோவும் தழைத்தன. அதுவரை கதை சரி. பின்னால் வந்த ஆய்வுகள், ஓடையில் அணை கட்டி வாழும் பீவர்கள் ஏற்கெனவே போய்விட்ட ஓடைகளில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டதால், மான் குறைந்தும் வில்லோ எழவில்லை என்று காட்டின. கொன்று தின்னும் விலங்கைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஒளிப்படக் கதையை அப்படியே நம்ப முடியவில்லை. வாயை விலக்கினாலும் வேருக்கு நீர் இல்லையென்றால் செடி எழாது. வறண்ட நாட்டுக்காரர்களாகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2024 ஜூலை 7

என்னுடைய மொத்த வாதமும் ஒரு உசில் கன்றிலிருந்து கிளம்பியது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நத்தம் சாலைப் பக்கத்து அடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டிய உறவினர் பட்டா நிலத்தில் வாய்க்கால் வெட்டியபோது, முழங்கால் உயரம்கூட இல்லாத உசில் ஒன்று மண்வெட்டிக்குக் குறுக்கே நின்றது. பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று இழுத்தால் அசையவில்லை. தோண்டிப் பார்த்தபோது மேலே பென்சில் கனத்தில் நாலைந்து குச்சிகள். மண்ணுக்குள்ளே என் மணிக்கட்டை விடப் பருத்த ஒரு முண்டு. அந்த முண்டு நிறைய, ஒன்றன் மேல் ஒன்றாகப் பழைய கடித்தழும்புகளும் கருகிய பட்டையும். தண்டு போகப் போக அது திரும்பத் திரும்பத் தழைத்திருக்கிறது. அதன் வயது நிச்சயமாக நாங்கள் அந்த நிலத்தில் காலடி வைப்பதற்கு முந்தியது.

அதுவரை நானும் அடிவாரத்தில் கன்றே இல்லை, எல்லாம் தின்று தீர்ந்துவிட்டது என்றுதான் பேசிக்கொண்டிருந்தவன். முழங்காலுக்குக் கீழே நிற்கும் புதர்களை அந்தக் கண்ணோடு பார்த்தபோது அவற்றில் பல புதரே அல்ல, மரமாக முடியாமல் நிறுத்திவைக்கப்பட்ட மரங்கள். வெப்பாலை, உசில், வக்கணை, ஆத்தி எல்லாம் அப்படிக் கிடக்கின்றன. மான் ஒவ்வொரு கோடையிலும் நுனியைக் கிள்ளுகிறது, கிள்ளிய இடத்துக்குக் கீழே மூன்று கிளை வெடிக்கிறது, மறு கோடையில் அந்த மூன்றும் போகின்றன. செடி சாவதில்லை, வளர்வதும் இல்லை.

புள்ளிமான் நின்றபடி ஏறத்தாழ ஐந்தடி வரை எட்டும். ஆண்மான் பின்னங்காலில் எழும்பினால் ஆறடியைத் தாண்டும். கடமான் எனப்படும் மிளா அதைவிட உயரம், அது சரிவிலும் ஏறும். புள்ளிமான் பெரும்பாலும் சமதரையும் தண்ணீரும் விட்டுப் போகாது. எனவே ஒரு கன்று மரமாவது, அதன் நடுநுனி அந்த ஆறடியைக் கடக்கும் ஆண்டில்தான். அந்த ஒரு ஆண்டு வாய்க்கிறதா என்பதைத்தான் காட்டின் மீட்சிக்கு நான் அளவுகோலாக வைப்பேன். மான்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்துத்தான்.

2024 ஜூலை 8

பழைய சேலையைச் சுற்றிக் கட்டினால் மான் வராது என்று எழுதிய அன்பருக்கு நன்றி. கட்டிப் பார்த்தோம். மயில் இரண்டு வாரம் மிரண்டது. மான் சேலை நிழலில் படுத்து அசைபோட்டது.

2024 ஆகஸ்ட் 18

பேச்சு ஆட்டின் பக்கம் திரும்பியிருக்கிறது, திரும்ப வேண்டியதுதான். ஆடு மேய்ப்பவரின் தொரட்டியை மறந்துவிட்டு மேய்ச்சல் உயரம் பேச முடியாது. மான் ஆறடியில் நின்றுவிடும். தொரட்டி பன்னிரண்டு அடியில் இருக்கும் கிளையையும் வளைத்து ஆட்டின் வாய்க்குக் கொண்டுவரும். அடிவாரத்து மரங்களில் கீழ்க்கிளையே இல்லாமல், ஆளுயரத்துக்கு மேலே குடை பிடித்தது போல இலை நிற்கும் இடங்களில் பெரும்பாலும் ஒடிந்த கிளையின் கட்டையும் தெரியும். கிளை ஒடிவது மானால் அல்ல.

இதை ஆட்டுக்காரர்களுக்கு எதிரான வழக்காகவும் மாற்ற வேண்டாம். மேகமலைப் பகுதி தொடர்பான வழக்கில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. தேனிப் பக்கத்து மலைமாடு வளர்ப்போர் அப்போது எழுப்பிய கேள்வி இன்னும் நிற்கிறது: மாடு போகாவிட்டால் அந்தப் புல்லை யார் தின்பார்கள்? கேள்வி அவர்கள் பிழைப்பிலிருந்து வந்தது என்பதால் அதில் சூழலியல் இல்லை என்று ஆகிவிடாது. இதற்கு நான் பின்னால் வருகிறேன். எங்கள் நிலத்தில் ஒரு துண்டை வேலியிட்டு அடைத்திருக்கிறோம்; நவம்பரில் அதற்குள் நடப்பதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியின் கனம் எனக்குக் கூடிவிடும் என்று நினைக்கிறேன், ஏனெனில் ஆடியிலேயே உள்ளே புல் முழங்காலைத் தாண்டிவிட்டது.

2024 செப்டம்பர் 22

மரம் நடும் குழுக்களோடு எனக்கு உள்ள மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். நிலம் கிடைத்தவுடன் இவர்கள் செய்யும் முதல் வேலை, ஜேசிபி வைத்து முட்புதரைச் சுத்தம் செய்வது. அடுத்து வரிசையாகக் குழி, நாற்றங்காலில் உரமும் நீரும் கண்டு கொழுத்த கன்று, பக்கத்தில் பெயர்ப்பலகை. உரம் கண்ட கன்றின் தளிர் காட்டுக் கன்றின் தளிரை விட மென்மையானது, சத்து மிகுந்தது; மான் அதைத்தான் முதலில் தேடும். முள்ளையும் அகற்றி, இலையையும் ருசியாக்கி, வரிசையும் பிடித்துப் பந்தி போட்டுவிட்டு, மான் சாப்பிட்டுவிட்டது என்று புகைப்படம் போடுகிறார்கள்.

அந்த ஜேசிபி எதை அழிக்கிறது என்பதை ஒரு சூரைப் புதருக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால் புரியும். முகத்தில் கீறல் விழும், பரவாயில்லை. எங்கள் நிலத்தின் மேற்கு மூலையில் வளைமுள் பின்னிக்கிடக்கும் சூரை ஒன்றின் நடுவே வெப்பாலை ஒன்று நேராக, ஒரே தண்டாக, கடிபடாத பட்டையோடு எழுந்து புதருக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது. பக்கத்தில் வெட்டவெளியில் நிற்கும் வெப்பாலைகள் எல்லாம் பல தண்டுகளோடு குட்டையாக நின்றுவிட்ட செடிகள், குட்டைகள். பறவை உட்கார்ந்து எச்சமிட்ட விதையும், காற்று அடித்து வந்து சிக்கிய விதையும் அந்தப் புதருக்குள்தான் விழுகின்றன; நிழல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, மான் மூக்கு நுழைவதில்லை. மரம் மேலே போன பிறகு நிழலில் முட்புதர் தானே மெலிந்துவிடும்.

உண்ணிச்செடியும் முள்தானே, அதுவும் காக்குமே என்று யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். உண்ணியை மான் தொடாது, அதில் நஞ்சு இருக்கிறது. உள்ளே ஒன்றிரண்டு கன்று பிழைக்கவும் கூடும். ஆனால் அது சூரையைப் போல ஒரு புதராக நிற்காமல் நிலத்தை முழுதாக மூடிக்கொள்கிறது, கோடையில் காய்ந்து தீயை மரத்தின் மேலே ஏற்றுகிறது. மான் உள்ளூர்ச் செடிகளைத் தின்னத் தின்ன, தின்னப்படாத உண்ணிக்கு இடம் பெருகுகிறது. இந்த இடத்தில் மான் குற்றவாளி அல்ல என்றாலும் உடந்தை.

2024 நவம்பர் 17

வேலி பற்றிப் பலர் கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது. எங்கள் நிலத்தில் பத்தடிக்குப் பத்தடியாக ஒரு துண்டைக் கம்பி வலையால் அடைத்து, பக்கத்தில் அதே அளவுத் துண்டை நான்கு கல் நட்டு அடைக்காமல் விட்டிருந்தோம். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டையும் பார்த்தால், வலைக்குள் இருந்த உசில் குட்டைகள் இரண்டு இடுப்பைத் தாண்டிவிட்டன. வெளியே இருப்பவை முழங்காலிலேயே நிற்கின்றன. தம்பிக்கு இது மகிழ்ச்சியாக இருக்கும், மான் வாய்க்கு எதிரான சாட்சியம் கிடைத்துவிட்டது.

ஆனால் வலைக்குள் நிலத்திலிருந்து புதிதாக முளைத்த விதைக்கன்றுகளைத் தேடினேன். புல்லை விலக்கி விலக்கிப் பார்த்ததில், வெளியே இருப்பதை விட உள்ளே அவை குறைவு. மேய ஆளில்லாத புல் இடுப்பளவு எழுந்து, விரல் உயரக் கன்றுகளுக்கு வெயிலே விடாமல் மூடிவிட்டது. முண்டு வேரோடு இருந்த பழைய குட்டைகளுக்கு வேலி வரம். புதிதாக முளைத்த விதைக்கு அதே வேலி புல்லுக்குக் காவல். பங்குனியில் அந்தப் புல் காய்ந்தால், ஒரு பீடித் துண்டு போதும். மலைமாட்டுக்காரர்களின் கேள்வி இங்கே வந்து நிற்கிறது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலத்தில் ஒவ்வொரு தண்டையும் அளந்து வருகிறார்கள். அங்கே சிறு தண்டுகளின் கதையை எழுதியதில் யானைக்கும் தீக்கும் பெரிய பங்கு என்று அவர்கள் கண்டார்கள். தீயைக் கணக்கில் எடுக்காமல் மேய்ச்சலை மட்டும் நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகும், சில இடங்களில் எதிர்வேலையும் ஆகும்.

ஒரு துண்டு நிலம், ஒரு மழைக்காலம். இதை வைத்து மதுரை மாவட்டக் காடுகள் என்று யாரும் பேசிவிட வேண்டாம், நானும் பேசவில்லை.

2024 நவம்பர் 19

ஐயா, புல்லை அறுத்துவிட்டால் போயிற்று என்கிறீர்கள். போயிற்றுதான். கார்த்திகையில் ஒரு முறை, தையில் ஒரு முறை அறுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டால் மூவருக்கும் லாபம். பத்தடிக்குப் பத்தடியில் அறுக்கலாம். காப்புக்காட்டின் சரிவு முழுதும் யார் அறுப்பது? அங்கே அந்த வேலையை மானும் மிளாவும் கூலி வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன.

2024 டிசம்பர் 15

நெல்லி காய்க்கும் காலம் என்பதால் இது நினைவுக்கு வந்தது. காட்டு நெல்லியின் கெட்டியான கொட்டையைப் பெரிய பறவைகளும் எளிதில் விழுங்கிப் பரப்புவதில்லை. புள்ளிமானும் கேளையாடு என்ற சிறு மானும் உதிர்ந்த காயை முழுதாக விழுங்கி, பிறகு எங்காவது படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். முதுமலைக் காட்டில் மரத்தடியில் தானியங்கிக் கேமரா வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மானே இல்லாத கரட்டில் நெல்லி பெரும்பாலும் தாய்மரத்தடியிலேயே கிடந்து மக்கும். தின்கிற வாயே விதைக்கிற வாயும் என்பதால், மானை முழுதாக நீக்கிய காட்டில் நீங்கள் நடாத நெல்லி எங்கிருந்து வரும்?

இதே வழியில் சீமைக் கருவேலமும் பரவுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் இனிப்பான நெற்றை ஆடு, மாடு, மான் எல்லாம் விரும்பித் தின்னும். விதை சாணத்திலும் புழுக்கையிலும் சேதமில்லாமல் வெளியே வரும். குஜராத்தின் வேளாவதர் பூங்காவில் வெளிமான்கள் அப்படிப் பரப்புவதை ஆராய்ந்திருக்கிறார்கள். எனவே அடிவாரத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டுவதானால் நெற்று முற்றுவதற்கு முன் வெட்டுங்கள்; நெற்றோடு வெட்டிக் குவித்து வைத்தால் இரவு விருந்துக்கு அழைத்தது போலாகும்.

2025 ஜனவரி 19

தம்பி, மாசிக்குள் அடுத்த நடவுக்கான ஏற்பாட்டை முடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் புதிய கன்றுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, ஏற்கெனவே நிலத்தில் நிற்கும் குட்டைகளைத் தேடிக் குறியிடுவதில் ஆட்களை இறக்குவேன். ஒவ்வொரு குட்டையிலும் நேராக நிற்கும் ஒரு தண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரித்தால், அந்தப் பழைய வேரின் பலம் முழுதும் ஒரே நுனிக்குப் போகும்; நாற்றங்கால் கன்று மூன்று ஆண்டில் போகும் உயரத்தை அது ஒரு நல்ல மழைக்காலத்தில் எட்டிவிடக்கூடும். புதுக்கன்று வைப்பதானால் சூரை, காரை, இலந்தைப் புதரின் வடக்கு ஓரத்தில், முள்ளுக்குள்ளேயே குழி எடுங்கள். கை கிழியும், இளைஞர்கள் முணுமுணுப்பார்கள்.

வெட்டவெளியில் வைத்தே ஆக வேண்டிய கன்றுகளுக்கு, வெட்டிய சீமைக் கருவேல முள்ளை நெற்றில்லாமல் பார்த்துச் சுற்றிலும் கூம்பாக அடுக்கி அடைத்தால் முதல் கோடை தாண்டும்; முள் இற்றுப்போகும்போது இரண்டாம் கோடைக்கு மறுபடி அடைக்க வேண்டும். கம்பி வலை வாங்கப் பணம் இருந்தால் நாலடி வலை போதாது, மான் மேலிருந்து குனிந்து தின்னும். ஐந்தடி வலையைக் கன்றிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாக நிறுத்துங்கள். நடுநுனி ஆறடியைக் கடந்து, தண்டு கட்டைவிரல் கனத்தை மீறிய பிறகுதான் வலையை எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் ஆண்மான் கொம்பை உரசிப் பட்டையை உரித்துவிடும். எடுத்த பிறகு வரும் பங்குனியில் பக்கக்கிளைகள் மட்டும் கடிபட்டால் கவலைப்படாதீர்கள். நடுநுனி கடிபட்டால் வலையைத் திரும்ப நிறுத்திவிட்டு, அடுத்த கன்றுக்கு வேறு வலை பார்த்துக்கொள்ளுங்கள்.